கவிஞர் கண்ட சாக்காடு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

வேதியியல் படிப்பவனுக்குக் கவிதையில் என்ன வேலை, அதிலும் ஆண்டு மலரில் எழுதச் சாவைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டும் நியாயமான கேள்விகளே. முதற்கேள்விக்கு விடை எளிது. எங்களுக்கும் பகுதி ஒன்றில் தமிழ் உண்டு. நடத்தும் பேராசிரியர் நன்றாக நடத்துகிறார். இரண்டாம் கேள்விக்குச் சற்று விரிவாகத்தான் விடை சொல்ல வேண்டும்.

சாவைத் தொடாமல் விட்ட தமிழ்க் கவிஞர் அரியர். ஆயினும் எல்லாரும் ஒரே சாவைப் பாடவில்லை. சிலர் வரப்போகும் தம் சாவைப் பாடினர். சிலர் மண்ணில் பிறந்தார் அனைவர்க்கும் பொதுவான சாவைப் பாடினர். வேறு சிலரோ ஒருவர் இறந்துபட, அவருக்குப் பின் எஞ்சி நின்று, அந்த ஒருவரையே பாடினர். இவர்களுள் கடைசியாகச் சொன்னவர்களே சாவை உண்மையாகக் கண்டவர்கள் என்பது என் கட்சி. பட்டிமன்றத்தில் இதற்கு எதிர்க்கட்சி பேச எத்தனையோ பேர் வருவர் என்பது எனக்குத் தெரியும். வரட்டும்.

தம் சாவைப் பாடியவர்களுள் நமக்கு நன்கு தெரிந்தவர் பாரதியார். ‘காலனுக்கு உரைத்தல்’ என்னும் பாடலில் எமனையே எதிரில் நிறுத்தி, அற்பப் புல்லென மதித்துப் பேசுகிறார். ஒன்பதாம் வகுப்பில் நான் இதை மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். பரிசு ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. அன்று காலன் எனக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 1921ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஈரோடு கருங்கல்பாளையத்தில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற பொருள்பற்றிப் பாரதியார் சொற்பொழிவாற்றினார். ஆறு வாரத்தில், திருவல்லிக்கேணியில், 38 வயதில் அவர் மறைந்தார். இதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. சாவின் முன் அஞ்சாமல் நின்ற அந்தத் துணிவு போற்றத்தக்கதே. புறநானூற்றில் சேரமான் கணைக்கால் இரும்பொறையும் அவ்வாறே நிற்கிறான். சிறையில் தண்ணீரைக் கேட்டுப் பெற்று உயிர் வாழ்வதிலும் சாவது மேல் என்பது அவன் பாட்டு.

ஆனால் இப்பாடல்களில் நான் காண்பது துணிவு, மானம், சினம். சாவை நான் காணவில்லை. ஆற்றில் இறங்காதவன் கரையில் நின்று ஆழம் சொல்லுவது போலத்தான் உயிரோடிருப்பவன் தன் சாவைப் பற்றிச் சொல்லுவதும். அவன் சொல்லுவது சரியாகவே இருக்கலாம்; இறங்கினவன் திரும்பி வந்து ஒப்பிட்டுச் சொல்லப் போவதில்லை.

பொதுவான சாவைப் பாடியவர்கள் பலர். இறப்பு புதிதன்று என்றார் கணியன் பூங்குன்றனார். நிலையாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டார். நாலடியாரும் சித்தர் பாடல்களும் இவ்வழியே செல்கின்றன. இவற்றையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன்தான் நான். இவர்களுள் ஒருவரிடம் மட்டும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவர் திருமூலர். அந்த வழக்கைச் சொல்லுவதற்கு முன் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இலக்கியக் கட்டுரையில் வீட்டுச் செய்தி வருவதைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

என் ஊர் பொழிச்சலூர். பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாக வர வேண்டும். அகத்தீசுவரர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் வருகிறவர்கள் எங்கள் ஊரை அறிவார்கள். மற்றவர்களுக்கு, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்றால் போதும். என் தந்தையார் ஒரு டேனரியில் 22 ஆண்டுகள் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். வீட்டில் நாங்கள் அவரை நைனா என்போம். சுண்ணாம்பு தின்று அவர் விரல்கள் வெடித்திருக்கும். இரவில் சாப்பிட்டு முடித்தபின் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ‘கால்சியம் ஹைட்ராக்சைடு’ என்று நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ‘அதுக்கு இவ்ளோ பெரிய பேரா?’ என்று ஒருநாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான்.

சென்ற ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், மாரடைப்பால் அவர் காலமானார். வயது 49.

காலை ஏழு மணிக்குள் தெருவே கூடிவிட்டது. முந்தின நாள் வரையில் அவரைப் பெயர் சொல்லியும், அண்ணே என்றும், மாமா என்றும் கூப்பிட்டவர்கள் என்னிடம் வந்து, ‘பாடியை எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?’ என்று கேட்டார்கள். ‘பாடியைத் தெற்கே தலை வைத்துப் படுக்க வை’ என்றார் ஒருவர். ‘பாடிக்கு மாலை வந்துவிட்டதா?’ என்றார் இன்னொருவர். ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பந்தல் போட்டவர்களும், எங்களுக்குக் காப்பி கொடுத்தவர்களும், சவச்செலவுக்குப் பணம் திரட்டியவர்களும் அவர்களே. ஆனாலும் ஒரே இரவில் பெயர் போய்விட்டது.

இதைத்தான் திருமூலர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டு பாடி வைத்திருக்கிறார். ஊரார் கூடுகிறார்கள், அழுகிறார்கள், பெயரை நீக்கிவிட்டுப் பிணம் என்கிறார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, நீரில் மூழ்கி, நினைப்பை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டை வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தெருவைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பிணம் என்ற சொல் போய் ‘பாடி’ என்ற இங்கிலீசுச் சொல் வந்திருக்கிறது. வேறு மாற்றம் இல்லை.

என் வழக்கு கடைசிப் பகுதியின் மேல்தான். நாங்களும் நீரில் மூழ்கினோம். நினைப்பு ஒழியவில்லையே! தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தால் இன்றும் நான் திரும்பிப் பார்க்கிறேன். இதைப் பேராசிரியரிடம் கேட்டேன். ‘அவர் ஊரைச் சொன்னார் தம்பி, வீட்டைச் சொல்லவில்லை’ என்றார். நல்ல விடைதான். ‘அப்படியானால் அது பாதிப் பாட்டுதானே ஐயா?’ என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொதுச்சாவைப் பாடும் பாடல்களிடம் எனக்குள்ள மனக்குறையே இதுதான். அவை உண்மையைச் சொல்லுகின்றன. ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் சட்டை எவருக்கும் அளவாக இருப்பதில்லை. 1962இல் வெளிவந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாடல் ஒன்று உண்டு. செத்தவனோடு எந்த உறவு எவ்வளவு தூரம் உடன் வரும் என்று அளந்து சொல்லும் பாடல் அது. பட்டினத்தார் பாட்டின் சாரம். எங்கள் பகுதியில் அது ஒலிக்காத சாவு வீடு இல்லை. எங்கள் வீட்டிலும் ஒலிபெருக்கிக்காரர் அதைத்தான் வைத்தார். அதன் பொருளை அன்று யார் கேட்டார்கள்? இன்ன தெருவில் சாவு விழுந்திருக்கிறது என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் தெரிய வேண்டும். அதற்கு அது பயன்பட்டது.

அந்தப் பட்டினத்தாரே என் கட்சிக்குச் சாட்சி சொல்லுவார். மனைவி, மக்கள், செல்வம், உடம்பு அத்தனையையும் இகழ்ந்து தள்ளிய துறவி அவர். உடம்பை அவரைப்போல் ஏசியவர் வேறு எவருமில்லை. அத்தகையவர் தம் தாய் இறந்தபோது என்ன செய்தார்? சுடலைக்கு வந்து நின்றார். சுமந்த வயிற்றையும், ஊட்டிய முலையையும், தம்மைக் கொஞ்சி அழைத்த வாயையும் சொல்லிச் சொல்லி, அந்த வாய்க்கா நான் அரிசி இடுவேன், அந்த உடம்புக்கா நான் தீ மூட்டுவேன் என்று கேட்டுக் கதறினார். உடம்பு பொய் என்று பாடியவருக்குத் தாயின் உடம்பு பொய்யாகத் தெரியவில்லை. ‘துறவி அழலாமா?’ என்று சமயவாதிகள் கேட்கலாம். அவர் பாடியவற்றுள் இவையே உயர்ந்தவை என்று நான் சொல்லுவேன். அவர் அழாமல் இருந்திருந்தால் அவருடைய மற்றப் பாடல்களையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இனிப் புறநானூறு. இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்றனர் நம் முன்னோர். கை அற்றுப்போன நிலை! துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? சாவு வீட்டில் எல்லாருக்கும் கை இருக்கும். செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

புறநானூற்றில் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்படி நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன். இரண்டும் ஒரு குயவனைப் பார்த்துப் பேசுகின்றன. அக்காலத்தில் இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைக்கும் வழக்கம் இருந்தது. 228ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, ஐயூர் முடவனார் குயவனிடம் இரக்கத்தோடு கேட்கிறார். இவ்வளவு புகழ் உடையவனைக் கவிக்கும் தாழியை நீ எப்படி வனைவாய், நிலவுலகத்தைச் சக்கரமாகவும் மேருவை மண்ணாகவும் கொண்டால் உன்னால் முடியுமோ என்கிறார். 256ஆம் பாட்டில் பேசுபவள் ஒரு பெண். கணவனோடு காட்டுவழியே வந்தவள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வரும் சிறிய பல்லியைப் போல அவனோடு ஒட்டி வந்தவள். அவன் இறந்தான். அவள் குயவனிடம், எனக்கும் இடம் இருக்கும்படி தாழியைச் சற்று அகலமாகச் செய் என்கிறாள்.

முதற்பாட்டில் மலையும் உலகும் வருகின்றன. இரண்டாம் பாட்டில் ஒரு பல்லி வருகிறது. மேருமலையைப் படித்தபோது புலவரின் கற்பனையை வியந்தேன். பல்லியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முதற்பாட்டின் ஆசிரியர் பெயர் நமக்குத் தெரியும். இரண்டாம் பாட்டைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை.

இந்தத் தாழிகள் வெறும் ஏட்டுச் செய்தி என்று எண்ண வேண்டா. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பல்லாவரத்தில், 1880களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் பழைய ஈமக்காட்டைத் தோண்டி, சுட்ட மண்ணால் செய்து கால்கள் வைத்த ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்ததும் அதே பல்லாவரத்தில்தான். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதல் அச்சிட்டது 1894இல். அந்தக் குயவர்கள் செய்த பொருளும் அவர்களைப் பற்றிய பாட்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. நாள்தோறும் நான் மின்ரயில் ஏறும் ஊர் அது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்க்கப் போனபோது, இன்னும் ஒருவருக்கு இதில் இடம் போதுமா என்றுதான் என் கண் முதலில் அளந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள், ‘எவ்ளோ பெரிய ஊறுகாய் ஜாடி!’ என்றார்கள்.

ஒரு மறுப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தடுக்கும் சான்றோரைக் கடிந்து பேசிவிட்டு, தாமரைப் பொய்கையும் ஈமத்தீயும் தனக்கு ஒன்றே என்று தீப்புகத் துணிகிறாள். கவிதை சிறந்தது, வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆனால் எனக்கு என் அம்மாவின் நினைவுதான் வந்தது. காரியம் முடிந்த மறுநாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பம்மலில் ஒரு தையல் கம்பெனிக்குப் பஸ் ஏறினார் அவர். தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தீயில் இறங்கத் துணிந்தவளின் பாட்டு நம்மிடம் இருக்கிறது. பஸ் ஏறினவளின் பாட்டு எங்கே?

பக்குடுக்கை நன்கணியார் 194ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார். எங்களுக்கும் அன்று அப்படித்தான் நேர்ந்தது. அடுத்த தெருவில் நிச்சயதார்த்தம். விவரம் தெரிந்ததும் அவர்கள் தாங்களாகவே மைக்கை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்களாம். படைத்தவனைத் திருத்த முடியாவிட்டாலும் பொழிச்சலூரில் ஏதோ கொஞ்சம் சரி செய்துகொள்கிறார்கள்.

இப்போது பாரிமகளிர் பாட்டுக்கு வருகிறேன். 112ஆம் பாட்டு. ஐந்தே அடி. சென்ற திங்கள் நிலவில் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது. இந்தத் திங்கள் நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவே அதன் செய்தி. காலனை அழைக்கவில்லை, உலகம் நிலையாதது என்று உபதேசிக்கவில்லை, தம் தந்தையின் வள்ளன்மையைக்கூடச் சொல்லவில்லை. இருந்தது, இல்லை என்னும் இரண்டு நிலவுகளுக்கு நடுவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பாட்டைப் பேராசிரியர் நடத்தி முடித்து, ‘கையறுநிலைக்கு வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?’ என்று வகுப்பைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நைனா இறந்த அன்று அவர் தலைமாட்டில் என் ஆயா உட்கார்ந்திருந்தார். நைனாவைப் பெற்றவர். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்; எழுதப் படிக்கத் தெரியாது. அவர் ஒப்பாரி வைத்தார். மகனின் வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். சிறு வயதில் ஏரிச் சேற்றில் அவன் புதைந்து நின்றதைச் சொன்னார். தீபாவளிக்கென்று தவணையில் எடுத்துப் பெட்டியில் மடித்து வைத்த சட்டையைச் சொன்னார். என்னைக் காலேஜில் சேர்த்த அன்று தெருவெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு போனதைச் சொன்னார். நடுநடுவே தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போகும். அந்த இரைச்சல் அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, விட்ட இடத்திலேயே ராகம் பிசகாமல் எடுப்பார். ஐஸ்பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்து மகன் முகம் மங்கும்போதெல்லாம் முந்தானையால் துடைப்பார். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும் என்பது நான் படித்த பாடம். ஆயாவுக்கு அது தெரியாது. துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது.

பத்து மணியளவில் என் வகுப்பு நண்பர்கள் நால்வரும் விரிவுரையாளர் ஒருவரும் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் தெருமுனையில் வருவதைக் கண்டதும் நான் ஆயாவிடம் குனிந்து, ‘போதும் ஆயா, நிறுத்து. காலேஜ்லேருந்து வந்திருக்காங்க’ என்றேன்.

ஆயா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நிறுத்திவிட்டார். கூட உட்கார்ந்திருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். பிறகு எடுக்கும் வரையில் அந்த வீட்டில் ஒலிபெருக்கிப் பாட்டு ஒன்றுதான் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். வேறென்ன? ஆண்டு விழா மேடைகளில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியைக் கேலியாகப் பாடிக் கைதட்டல் வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எங்கள் வாசல்வரை வந்துவிடும் என்று பயந்தேன். வந்த நண்பர்களோ சிரிக்கவில்லை. ஒருவன் அழுதுகொண்டிருந்தான். பின்னொரு நாள் அவனே சொன்னான்: ‘தெருமுனைக்கு வரும்போது உங்க ஆயா பாடினது கேட்டுச்சுடா. உள்ளே வந்தா நின்னுடுச்சு. ஏன்?’

அழுகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுக்கிறார்: இழிவு, இழவு, அசைவு, வறுமை. ஆயாவின் அன்றைய பாட்டில் இழவு இருந்தது, வறுமை இருந்தது, தளர்ந்த முதுமையின் அசைவும் இருந்தது. இழிவு மட்டும் இல்லாமலிருந்தது. அதை நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களுள் பல, கொடுத்தவர்களுக்காகப் பெற்றவர்கள் பாடியவை. அதியமானைக் கொன்ற வேல் இரவலர் கையிலும் பாணர் பாத்திரத்திலும் பாய்ந்து சென்றதாக ஔவையார் பாடுகிறார். அந்த உவமையில் பசியும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வள்ளல் அல்லாதவன் செத்தால் யார் பாடுவது? சுண்ணாம்புத் தொட்டிக்காரனுக்கு எந்தப் புலவர் வருவார்? பாரிக்குக் கபிலர் இருந்தார். நைனாவுக்கு ஆயா இருந்தார். கபிலரை யாரும் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒப்பாரிக்கும் கவிதைக்கும் உறவு இல்லை, அது வழக்கமான சொற்களைத் திருப்பிச் சொல்லுவது என்று வாதிடுவோர் உளர். ஒரு பகுதி உண்மை. மாடமாளிகையும் பொன்னூஞ்சலும் இல்லாத வீட்டிலும் ஒப்பாரியில் அவை வந்துவிடும். ஆயாவின் பாட்டிலும் வந்தன. எங்கள் வீடு கல்நார்க் கூரை போட்டது. ஆனால் யாப்பும் வாய்பாடும் புலவர்க்கும் உண்டே! மேருமலையை ஐயூர் முடவனார் போய்ப் பார்த்துவிட்டா பாடினார்? வாய்பாட்டுக்கு நடுவில், எங்கோ ஓரிடத்தில், அந்த ஒரு மனிதனுக்கு மட்டுமே உரிய ஒன்று வந்துவிட்டால் அது கவிதைதான். வண்டிச் சக்கரத்துப் பல்லியைப் போல, பெட்டியில் மடித்து வைத்த சட்டையைப் போல.

நம் காலத்தில் இதைவிடப் பெரிய கையறுநிலையும் உண்டு. ஈழத்துக் கவிஞர்களின் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் தொகுப்பு 1985இல் வெளிவந்தது. அதைப் படிக்கும்போது, சாவு வீடு என்று ஒன்று இருப்பதே ஒரு பேறு என்று தோன்றுகிறது. உடல் கிடைத்து, ஊர் கூடி, தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்து அழ முடிகிறதே! உடலே கிடைக்காத தாய்மார் எதைப் பார்த்து அழுவார்கள்? அவர்களுக்காகவும் அக்கவிஞர்கள் பாட வேண்டியிருந்தது. இதைப் பற்றி எழுத என்னைவிட அதிகம் படித்தவர் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

கவிமணியின் ‘ஆசிய ஜோதி’யில், இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்புகிறார். அவள் வீடு வீடாகப் போய், வெறுங்கையோடு திரும்பித் தெளிவு பெறுகிறாள். ஆயாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘எல்லா வூட்லயும் செத்தா மட்டும் எம்புள்ள வந்துருவானா?’ என்றார். எனக்கு விடை தெரியவில்லை. புத்தரிடமும் இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

ஆயா அன்றைக்குப் பின் பாடவில்லை. கருமாதி அன்றும் பாடவில்லை. தை மாதம் சித்தப்பா முறையில் ஒருவர் இறந்து, எல்லாரும் போய் உட்கார்ந்தபோதும் வாய் திறக்காமல் திரும்பி வந்தார். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பாடியதை மறுபடி சொல்லும்படி கேட்டேன்.

‘எதுக்குடா, பரீட்சைக்கா?’

‘இல்ல ஆயா. காலேஜ் பொஸ்தகத்துல எழுதறேன்.’

‘அதெல்லாம் சும்மா ஒக்காந்தா வருமா? எழவு வூட்ல வர்றது, அங்கியே போயிடும்’ என்றார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்தை ஒருமுறை புடைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்:

‘அந்த பொஸ்தகத்துல உங்க நைனா பேரு போடுவாங்களா?’

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாரி இருந்தான், அதியமான் இருந்தான், கிள்ளிவளவன் இருந்தான். நைனாவின் பெயரை ஓர் இடத்திலும் நான் எழுதியிருக்கவில்லை.